பக்கத்து சீட்டில் இருப்பவர்

(ஜமுனாமரத்தூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பஸ்ஸிலோ ரயிலிலோ ஒருவரைச் சாதி சொல்லியும் மதம் சொல்லியும் இனம் சொல்லியும் இழிவுபடுத்தும்போது, அதே வண்டியில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும்? இன்று இதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். எந்த ஊரிலும் பேசத் தகுந்த பொருள்தான். ஆனாலும் இந்த ஜவ்வாது மலையில் பேசுவதற்குத் தனியாக ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தை இந்த அரங்கில் இருக்கும் பெரியவர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள்.

2015 ஏப்ரல் 7ஆம் தேதி காலையில், திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். எல்லோரும் தமிழ்நாட்டுக்காரர்கள். ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள், தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலைப் பக்கத்தவர்கள், பெரும்பாலும் கூலி வேலை செய்து பிழைத்தவர்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் எங்களைத் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது ஆந்திரக் காவல்துறை. அடுத்த சில நாட்களில் உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் போய் வேறு கதை சொன்னார்கள். அவர்களில் ஒருவர் சொன்னது பஸ்ஸைப் பற்றியது. ஆந்திரப் பக்கம் நகரிக்கு அருகே பஸ்ஸை மறித்துத் தன்னுடன் வந்தவர்களை இறக்கிக்கொண்டு போனார்கள் என்றும், அவர்கள்தான் பிறகு கொல்லப்பட்டுக் கிடந்தார்கள் என்றும் அவர் சொன்னார். அவர் மட்டும் எப்படித் தப்பினார்? அவர் உட்கார்ந்திருந்த சீட்டில் பக்கத்தில் ஒரு பெண் இருந்தார். இருவரும் ஒரே குடும்பம் என்று நினைத்து அவரை விட்டுவிட்டார்கள்.

நான் பல ஆண்டுகளாக இந்த ஒரு செய்தியைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். யாரோ ஒரு பெண், பேர் தெரியாதவர், ஏதும் செய்யவில்லை, ஏதும் பேசவில்லை. பக்கத்தில் இருந்தார். ஒரு மனிதன் பிழைத்தான்.

அந்தச் சம்பவத்தின் வழக்குப் பக்கத்துக்குள் நான் போகப் போவதில்லை. பஸ்ஸுக்குள் நடந்ததை மட்டும் பாருங்கள். ஒரு பஸ் நிறைய ஆட்கள் இருக்கும்போது, ஆளின் உடுப்பையும் முகத்தையும் பேச்சையும் பார்த்து, இவன் மலைக்காரன், இவன் மரம் வெட்டி என்று முடிவு கட்டி இறக்குகிறார்கள். கையில் கோடாலி இல்லை, கட்டை இல்லை. 2016 ஆகஸ்டிலும் ரேணிகுண்டாவில் ரயிலிலிருந்து 32 தமிழர்களை இறக்கிக் கைது செய்தார்கள். கோவிலுக்குப் போனவர்கள் என்று அவர்கள் வீட்டார் அழுதார்கள். ஒருவன் குற்றம் செய்திருந்தால் அவனைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது. பிறந்த மலையை வைத்து ஆளைப் பிடிக்க எந்தச் சட்டமும் இல்லை. இந்தக் கொடுமையின் சின்ன உருவம் நம் பஸ்களில் அன்றாடம் நடப்பது. போளூருக்கும் ஆலங்காயத்துக்கும் திருப்பத்தூருக்கும் இறங்கும் பஸ்ஸில், புளி மூட்டையோடும் சாமை மூட்டையோடும் ஏறுகிறவர் காதில் விழும் வார்த்தைகள் உங்களுக்குத் தெரியும். காட்டான் என்ற வார்த்தையை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். வார்த்தையில் தொடங்குவது எங்கே போய் முடியும் என்பதற்குச் சேஷாசலம் சாட்சி.

நமக்கு அக்கம்பக்கத்தில் நடந்த இன்னும் சிலவற்றைச் சொல்கிறேன். 2024 பிப்ரவரியில், இந்த மலைக்கு மேற்கே தருமபுரி மாவட்டத்தில், அரூரிலிருந்து புறப்பட்ட அரசு பஸ்ஸில் ஒரு தலித் மூதாட்டி ஏறினார். வயது ஐம்பத்தொன்பது. பாத்திரத்தில் மாட்டிறைச்சி வைத்திருந்தார், அதை விற்றுப் பிழைப்பவர். அது என்ன இறைச்சி என்று தெரிந்ததும் நடுவழியில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் அவரை இறக்கிவிட்டார்கள். டிரைவரும் கண்டக்டரும் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். வாடை அடிக்கும் சரக்கை ஏற்ற முடியாதென்றால் அதை ஏறும் இடத்தில், ஸ்டாண்டில், மரியாதையாகச் சொல்ல வேண்டும். பாதி வழியில் இறக்கிவிடுவது சரக்கைப் பற்றிய முடிவு ஆகாது, மனுஷியைப் பற்றிய முடிவு.

அதற்கு முன் 2021 டிசம்பரில், கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில் மீன் விற்று வீடு திரும்பிய ஒரு மூதாட்டியை, உடம்பில் மீன் வாடை என்று சொல்லி அரசு பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். பஸ் ஸ்டாண்டில் நின்று அவர் கத்தி அழுத காட்சி செல்போன்களில் பரவியது. முதலமைச்சரே கண்டித்தார். டிரைவர், கண்டக்டர், டைம் கீப்பர் மூவர் மீதும் நடவடிக்கை வந்தது. அது நடந்த சில நாட்களுக்குள் அதே மாவட்டத்தில், நாகர்கோவில் வடசேரி ஸ்டாண்டில், ஒரு நரிக்குறவர் குடும்பத்தைக் குழந்தையோடு பஸ்ஸிலிருந்து இறக்கி, அவர்கள் பொருட்களையும் வெளியே வீசினார்கள். மறுபடியும் வீடியோ, மறுபடியும் நடவடிக்கை.

இந்த மூன்று செய்திகளையும் பத்திரிகைகளில் படித்தபோது ஒன்று எனக்கு உறைத்தது. டிரைவர் என்ன செய்தார், கண்டக்டர் என்ன செய்தார், அதிகாரி என்ன செய்தார், எல்லாம் எழுதியிருந்தது. பஸ்ஸுக்குள் இருந்த மற்ற ஐம்பது பேர் என்ன செய்தார்கள் என்று ஒரு வரி கிடையாது. அவர்கள் இருந்ததாகவே யாருக்கும் தோன்றவில்லை. நிருபர் மீது குறை சொல்ல மாட்டேன். எழுதும்படி அந்த ஐம்பது பேரும் ஏதும் செய்யவில்லை.

பஸ் வந்த நாளிலிருந்தே நம் நாட்டில் இந்தச் சண்டை இருக்கிறது. ஒரே பலகையில் இன்னார் பக்கத்தில் இன்னார் உட்காருவதா என்ற கேள்வியைக் கிராமத்துத் தெரு கேட்கவிடவில்லை. அங்கே தெருவே தனித்தனி. பஸ் கேட்டது. காசு கொடுத்தவனுக்கு இடம் என்றது. அதைப் பொறுக்க முடியாமல், ஆதிதிராவிடரை ஏற்ற மாட்டோம் என்று சொன்ன பஸ் கம்பெனிகள் அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்தன. 1920களின் இறுதியில் இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட்டார். அதிகாரத்தில் உட்கார்ந்த ஒருவர் பேனாவை ஒழுங்காகப் பயன்படுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1955 ஜூனில் நடைமுறைக்கு வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் பொது வாகனங்களில் பாகுபாடு காட்டுவதற்கும் சேர்த்தே தடை போட்டது. அமெரிக்காவில் மான்ட்கோமரி நகரத்து பஸ்ஸில் கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் சீட்டை விட்டு எழ மறுத்தது அதே ஆண்டு டிசம்பரில்தான். காகிதத்தில் நாம் ஆறு மாதம் முந்திக்கொண்டோம்.

காகிதம் எவ்வளவு தூரம் செல்லுபடியானது என்பதை 1997 காட்டியது. அப்போது நம் போக்குவரத்துக் கழகங்களுக்குத் தலைவர்கள் பெயர் இருந்தது. மாவட்டங்களுக்கும் இருந்தது. இந்த மலையின் ஒரு பக்கம் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம், மறுபக்கம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெரியவர்களுக்கு நினைவிருக்கும். வேலூர்ப் பக்கம் ஓடியது பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகம். அந்த ஆண்டு விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. கட்டபொம்மனோடு நின்று உயிர் விட்ட வீரர், ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று தென்மாவட்டங்களில் சிலர் கிளம்பினார்கள். பஸ்கள் உடைந்தன, கலவரம் பரவியது, உயிர்கள் போயின. கடைசியில் 1997 ஜூலை 1 முதல் எல்லாத் தலைவர் பெயரையும் எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஆக்கினார்கள். இன்று நீங்கள் ஏறும் பஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு ஊர்ப் பெயர் மட்டும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அந்த ஜூலை 1க்கு முதல் நாள், 1997 ஜூன் 30ஆம் தேதி, மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். தனித்தொகுதியாக ஒதுக்கப்பட்ட ஊராட்சிக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்பதைத் தவிர அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. ஆறு பேர் இறந்தார்கள். பட்டப்பகல், பயணிகள் நிறைந்த பஸ். அந்த வழக்கு எப்படி நின்றது தெரியுமா? வெட்டுப்பட்டும் உயிர் பிழைத்தவர்களும், கூட வந்தவர்களும் நீதிமன்றத்தில் ஏறி நின்று, கண்ணால் பார்த்ததைச் சொன்னார்கள். 2001இல் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பார்த்தவர் வாய் திறந்ததால் கிடைத்த தீர்ப்பு அது.

இனி, எல்லோரும் பாடப் புத்தகத்தில் படித்த ஒரு பயணத்துக்கு வருகிறேன். 1893 ஜூன் 7ஆம் தேதி இரவு, தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் காந்தியை முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து தள்ளிவிட்ட கதை. அதைச் சொல்லிவிட்டு நாம் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால் அந்தப் பயணம் அங்கே முடியவில்லை. டர்பனிலிருந்து பிரிட்டோரியா போய்ச் சேர அவருக்குப் பல நாள் ஆனது. அந்த வழியில் அவருக்கு மூன்று விதமான சக பயணிகள் வாய்த்தார்கள். காந்தியே தம் சுயசரிதையில் மூவரையும் பதிவு செய்திருக்கிறார்.

முதலாவது பயணி பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பெட்டிக்குள் வந்தவர். காந்தியை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே போய் ரயில்வே அதிகாரிகளை அழைத்து வந்தார். மற்றதை அதிகாரிகளும் போலீஸும் செய்தார்கள். வரலாறு தள்ளிவிட்ட போலீஸ்காரனைத்தான் நினைவு வைத்திருக்கிறது. அவனை வரவழைத்தவர் பக்கத்து இருக்கைக்காரர்.

இரண்டாவது, சார்ல்ஸ்டவுனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் போன குதிரைக் கோச்சு வண்டியில். அங்கே காந்தியை உள்ளே உட்காரவிடாமல் வெளியே வண்டியோட்டியின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பிறகு அந்த இடத்தையும் பறித்துக் காலடியில் ஒரு சாக்கைப் போட்டு உட்காரச் சொன்னார்கள். அவர் மறுத்தார். வண்டியின் பொறுப்பாளன் அவரை அடித்து இழுத்தான். அவர் பித்தளைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அப்போது உள்ளே இருந்த வெள்ளைக்காரப் பயணிகளில் சிலர் குரல் கொடுத்தார்கள். அவரை விடு, அவர் மேல் தப்பில்லை, அங்கே இடமில்லையென்றால் எங்களோடு வந்து உட்காரட்டும் என்றார்கள். அடி நின்றது.

மூன்றாவது, ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து பிரிட்டோரியா போன ரயிலில். முதல் வகுப்பு டிக்கெட் கையில் இருந்தும் கார்டு வந்து மூன்றாம் வகுப்புக்குப் போகச் சொன்னான். பெட்டியில் இருந்த ஒரே ஓர் ஆங்கிலேயர் கார்டைக் கடிந்துகொண்டார், இவர் என்னோடு இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். கார்டு முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டான்.

ஒரே பயணத்தில், ஒரே வாரத்தில், ஒரே மனிதருக்கு நடந்தவை. நிறவெறி மாறவில்லை. மாறியது கூட இருந்தவர் மட்டுமே. இழிவுபடுத்துகிறவன் வண்டியில் எப்போதும் சுற்றிலும் ஒரு பார்வை பார்க்கிறான். தன் பக்கம் ஆள் இருக்கிறதா என்று தேடுகிறான். யாரும் பேசாவிட்டால் எல்லோரும் தன் பக்கம் என்று எடுத்துக்கொள்கிறான். பேச்சு வாங்குகிறவரும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார், அதுதான் இன்னும் பெரிய கேடு. திட்டியவனை அவர் ஒரு மாதத்தில் மறந்துவிடலாம், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த நாற்பது முகங்களை மறக்க மாட்டார்.

சட்டமும் இந்த நாற்பது பேரை எண்ணித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் வேண்டுமென்றே அவமதிப்பதையும் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதையும் குற்றம் என்கிறது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து ஆண்டு வரை சிறை. நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாத இடத்தில் திட்டினால் இந்தப் பிரிவு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொன்னது. அப்படியென்றால் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்கும் நீங்களும் நானும் பார்த்துக்கொண்டிருப்பது குற்றத்தின் ஓர் உறுப்பு. நாம் இருந்ததால்தான் அது இந்தப் பிரிவில் குற்றமாகிறது. நாம் பார்த்ததைச் சொல்லாவிட்டால் அது நிரூபணம் ஆகாமல் போகிறது. மதுரைப் பக்கத்து வழக்கு ஒன்றில் 2011இல் உச்ச நீதிமன்றம், சாதிப் பெயரைச் சும்மா சொன்னேன் என்ற சமாதானத்தை ஏற்கவில்லை. இழிவுபடுத்தும் தொனியில் சொன்னால் அது குற்றமே என்றது. தொனியைக் கேட்டவர் யார்? பக்கத்தில் இருந்தவர்தானே.

இந்தச் சட்டம் எல்லோரையும் காக்கிறதா என்றால், இல்லை. பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். ஜவ்வாது மலை மலையாளி மக்களாகிய நீங்கள் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறீர்கள். ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் இருக்கும் உங்கள் மலையாளி மக்கள் அந்த மாவட்டத்தில் பட்டியலில் இல்லை. சான்றிதழுக்காக அவர்கள் பல காலமாகப் போராடுகிறார்கள். வடசேரியில் இறக்கிவிடப்பட்ட நரிக்குறவர் குடும்பத்துக்கு 2021இல் இந்தச் சட்டம் துணைக்கு வந்திருக்காது. நரிக்குறவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தது 2023 ஜனவரியில். முஸ்லிம் என்றும் கிறிஸ்தவர் என்றும் திட்டு வாங்குகிறவருக்கு வேறு பிரிவுகள் உண்டு. பாரதிய நியாய சம்ஹிதையின் 302ஆம் பிரிவு, மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவதைக் குற்றம் என்கிறது. வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளைகளை முகத்தைப் பார்த்து ஏசுகிறவனுக்கென்று தனிச் சட்டம் இன்றுவரை இல்லை. சட்டம் வந்து சேராத இடத்திலும் பக்கத்து சீட்டுக்காரர் இருக்கிறார். அதனால்தான் நான் சட்டத்தைவிட அவரை அதிகம் நம்புகிறேன்.

சரி, என்ன செய்வது? துணிச்சலாக எழுந்து நின்று சத்தம் போடுவது என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுகிறது. அதனால்தான் பலர் ஒன்றுமே செய்வதில்லை. அவ்வளவு துணிச்சல் தங்களுக்கு இல்லை என்று நினைக்கிறார்கள். அந்த பயமும் நியாயமானதே. 2017 மே 26ஆம் தேதி அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்து ரயிலில் இரண்டு இளம்பெண்களை, அதில் ஒருவர் ஹிஜாப் அணிந்தவர், ஒருவன் கேவலமாக ஏசினான். மூன்று ஆண்கள் தடுக்க எழுந்தார்கள். அவன் கத்தியை எடுத்தான். இருவர் இறந்துபோனார்கள். அந்த மூவரையும் நான் வணங்குகிறேன். ஆனால் எல்லோரையும் அப்படிச் செய்யுங்கள் என்று என் வாயால் சொல்ல மாட்டேன், இந்த மாணவர்களிடம் நிச்சயம் சொல்ல மாட்டேன்.

போளூருக்கு இறங்கும் பஸ்ஸில் ஒரு முறை நான் பார்த்ததைச் சொல்கிறேன். பலாப்பழ மூட்டையும் கையில் பிள்ளையுமாக ஒரு மலைப் பெண் ஏறினார். முன் சீட்டில் இருந்த ஒருவர், காட்டாளுங்களுக்கெல்லாம் சீட்டு கேக்குதா, பின்னால போ என்று பஸ்ஸே கேட்கும்படி சொன்னார். அந்தப் பெண் நின்ற இடத்திலேயே உறைந்துவிட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது, என்ன சொல்லலாம் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு பூக்காரப் பாட்டி தன் கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இடம் விட்டார். "இப்டி வா தாயி, எம் பக்கத்துல குந்து. புள்ள பேர் என்னா? பழம் எந்த ஊர்து, சொளை பெருசா இருக்குமா?" என்று பேச ஆரம்பித்துவிட்டார். திட்டிய ஆளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பெண் மெதுவாகப் பதில் சொன்னார், பிள்ளை சிரித்தது. அக்கம்பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் பலாப்பழப் பேச்சில் சேர்ந்துகொண்டார்கள். அந்த ஆளோடு பேச பஸ்ஸில் யாரும் இல்லை. அடிவாரம் வரை அவர் வாய் திறக்கவில்லை.

பிறகு ஒரு நாள், பாரிஸைச் சேர்ந்த ஓர் இளம் பெண் ஓவியர் 2016இல் வரைந்த படக்கதை ஒன்று உலகம் முழுக்கப் பரவியதைப் பார்த்தேன். ரயிலில் ஒரு முஸ்லிம் பெண்ணை ஒருவன் ஏசும்போது என்ன செய்யலாம் என்பது அதன் பொருள். போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள், ஏதாவது பேசுங்கள், ஏசுகிறவனைக் கண்டுகொள்ளாதீர்கள், அவன் போகும்வரை கூட இருங்கள், அவர் விரும்பினால் இறங்கும் இடம்வரை துணை போங்கள் என்று அந்தப் படங்கள் சொல்லின. நம் பாட்டி எந்தப் படமும் பார்க்காமல் செய்தது அதே காரியம். ஏசுகிறவனிடம் நியாயம் கேட்டால் அவனுக்கு மேடை கிடைக்கிறது, சண்டை வளர்கிறது. திட்டு வாங்கியவர் சண்டைக்கு நடுவில் மறுபடி தனியாகிறார். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் அவர் தனி ஆள் இல்லை என்று ஆகிவிடுகிறது. இறக்குகிறவன் முதலில் தேடுவது தனி ஆளைத்தான். நகரிக்கு அருகே நின்ற பஸ்ஸும் இதையேதான் சொல்கிறது. 1983 ஜூலையில் இலங்கையில் பஸ்ஸிலும் ரயிலிலும் தமிழரைத் தேடி இறக்கியபோது, இவர் எங்கள் ஆள் என்று சொல்லிக் காப்பாற்றிய சிங்களவர்கள் இருந்தார்கள். பக்கத்தில் இருந்து சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு ஓர் உயிரின் எடை இருந்தது.

யாரோ ஒருவர் தொடங்கினால் மற்றவர் வருவார்கள் என்பது என் ஆசை மட்டும் இல்லை. கூட்டம் கூடக்கூட ஆளுக்கு ஆள் தள்ளிவிட்டு யாரும் உதவ மாட்டார்கள் என்று 1960களிலிருந்து உளவியலில் ஒரு கருத்து ஊறிக் கிடந்தது. 2019இல் வெளியான ஓர் ஆய்வு ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப்டவுன் ஆகிய மூன்று நகரங்களின் தெருக் கேமராக்களில் பதிவான 219 தகராறுகளைப் பார்த்தது. பத்தில் ஒன்பதில் குறைந்தது ஒருவராவது தலையிட்டிருந்தார். ஆட்கள் கூடுதலாக இருந்த இடத்தில் உதவி கிடைப்பதும் கூடுதலாக இருந்தது. கூட்டத்தைக் கண்டு நாம் மனம் தளர வேண்டியதில்லை.

நம் பஸ்ஸில் இன்னொருவரும் உண்டு, கண்டக்டர். விசில் அவர் கையில் இருக்கிறது, வண்டியை நிறுத்தவும் எடுக்கவும் அவரால் முடியும். நான்கு பேர் எழுந்து போய், கண்டக்டர் சார், அந்தம்மாவை அவர் கேவலமாகப் பேசுகிறார், நீங்கள் சொல்லுங்கள் என்றால், நல்ல கண்டக்டர் சொல்வார். சொல்லாவிட்டால் வண்டி எண், நேரம், இடம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். போக்குவரத்துத் துறையின் 149க்கும், வன்கொடுமை என்றால் 14566க்கும், ஆபத்து என்றால் 112க்கும் பேசுங்கள். கண்டக்டரே தவறு செய்கிறார் என்றால்? அரூரிலும் குளச்சலிலும் வடசேரியிலும் அதுதான் நடந்தது. அப்போது நானும் இங்கேயே இறங்குகிறேன் என்று பத்துப் பேர் எழுந்து நின்றிருந்தால், அரூரில் ஏறிய அந்த மூதாட்டி தனியாக நடு ரோட்டில் நின்றிருக்க மாட்டார்.

வீடியோ எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. சாட்சிக்கு அது பயன்படும், மறுக்கவில்லை. ஆனால் எடுத்ததைத் திட்டு வாங்கியவரிடம் கொடுங்கள், அவர் சொல்லாமல் ஊருக்கு அனுப்பாதீர்கள். அவர் முகமும் கண்ணீரும் அவருடையவை. 2024 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தில் ரயிலில் போன ஒரு முஸ்லிம் முதியவரை, மாட்டிறைச்சி வைத்திருக்கிறார் என்று சொல்லி ஒரு கும்பல் அடித்துக் கேவலப்படுத்தியது. மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர் அவர். நாடே அந்த வீடியோவைப் பார்த்தது. பெட்டி நிறைய ஆட்கள் தெரிகிறார்கள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு ஆளை அந்த வீடியோவில் நான் தேடினேன்.

இதுவரை நான் சொன்னதில் நாம் திட்டு வாங்குகிறவர்கள் அல்லது பார்த்துக்கொண்டிருப்பவர்கள். மூன்றாவது இடத்திலும் நாம் இருக்கிறோம். 2023 பிப்ரவரியில் தமிழ்நாட்டு ரயில் ஒன்றில், முன்பதிவில்லாப் பெட்டியில் நெருக்கியடித்து நின்ற வட இந்தியத் தொழிலாளர்களைத் தமிழ் ஆள் ஒருவர் திட்டி அடித்தார். ரயில்வே போலீஸ் அவரைக் கைது செய்தது. அவர்களும் தத்தம் ஊரில் வேலை இல்லாமல் வந்தவர்கள், ஆந்திரத்துக்கும் கர்நாடகத்துக்கும் கேரளத்துக்கும் கூலிக்குப் போகும் நம் மலை ஆட்களைப் போலத்தான். நகரியில் நம் ஆளை இறக்கியது தப்பு என்று சொல்லும் வாய், காட்பாடியில் வடக்கன் என்று சொன்னால், முதலில் சொன்னதற்கு மதிப்பு இல்லாமல் போகும்.

இந்த மேடையிலிருந்து இரண்டு வேண்டுகோள்கள் வைக்கிறேன். போக்குவரத்துக் கழகத்தாருக்கு: மலைத் தடத்தில் ஓடும் கண்டக்டர், டிரைவர்களுக்கு இந்த மலை மக்களைக் கொண்டே ஒரு நாள் வகுப்பு எடுங்கள். மலை பஸ்கள் எல்லாவற்றிலும் புகார் எண்களையும், யாரையும் நடுவழியில் இறக்கிவிடக் கூடாது என்ற ஒரு வரியையும், முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். சௌந்தரபாண்டியனார் ஒரு ஜில்லா போர்டை வைத்துக்கொண்டு செய்ததை, ஒரு மாநில அரசால் செய்ய முடியாதா?

மாணவர்களுக்கு: நீங்கள் நாளை போளூரிலோ வேலூரிலோ திருவண்ணாமலையிலோ படிக்கப் போவீர்கள். பஸ்ஸில் இப்படி ஒன்றைப் பார்த்தால் பக்கத்தில் போய் உட்காருங்கள். பிறகு வழக்கு என்று வந்து சாட்சிக்கு அழைத்தால், வேலை கெடும், அலைச்சல் என்று ஒதுங்கிவிடாதீர்கள். சாட்சிகளை மிரட்டலிலிருந்து காக்கும் பொறுப்பு அரசுடையது என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு சொல்கிறது. சாட்சி சொல்ல வருபவருக்கு வழிச் செலவும் சாப்பாட்டுச் செலவும் அரசே தர வேண்டும் என்று 21ஆம் பிரிவு சொல்கிறது. பஸ் டிக்கெட்டை மறக்காமல் எடுத்து வைத்துக்கொண்டு, போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.